குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டால் சட்டம் ஒன்றும் செய்யாதா?

கேள்வி, 4 மார்ச் 2024
டொராண்டோவில் இருக்கிறேன். மனைவி டிசம்பரில் நான்கு வார விடுமுறை என்று சொல்லி ஏழு வயது மகனோடு சென்னை போனாள். ஜனவரி 7 திரும்பும் டிக்கெட். வரவில்லை. இனி வருவதாகவும் இல்லை. மகன் இங்கேதான் பிறந்தான், இரண்டாம் வகுப்பு. இந்தியா ஹேக் ஒப்பந்தத்தில் சேராத நாடு, சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது, ஆக வேண்டியதைப் பார் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

4 மார்ச் 2024, இரவு 11.10
பாதி உண்மை. பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. 'ஒன்றும் செய்ய முடியாது' என்பது டீக்கடைச் சட்டம்.

ஆட்கொணர்வு மனு என்று ஒன்று இருக்கிறது. போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஆளைக் கண்ணில் காட்டச் சொல்வதற்குப் போடுவார்களே, அதேதான். மகன் சென்னையில் இருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் போடலாம். இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார்கள். அதற்குப் பிறகு திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பது வேறு கதை, நாளை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை, திருச்சியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு தெரிந்து திட்டுவதற்கு இது மேல். நான் உங்கள் கட்சி இல்லை, எதிர்க்கட்சி. குழந்தையோடு வந்துவிட்ட தங்கைக்கு அண்ணன். மனுவில் ஐந்தாம் எதிர்மனுதாரர். பாஸ்போர்ட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டியவன்.

5 மார்ச், காலை 6.40
தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் அங்கே, ஒன்டாரியோ நீதிமன்றத்தில், உத்தரவு வாங்குங்கள். 'குழந்தையின் வழக்கமான வசிப்பிடம் இதுதான், திருப்பிக் கொண்டுவர வேண்டும்' என்று அதில் இருக்க வேண்டும். மனைவிக்கு நோட்டீஸ் முறையாகப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டும். அவருக்குத் தெரியாமல் ஒருதலையாக வாங்கிய உத்தரவு இங்கே வந்தால் நீதிபதிகள் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் வழக்கில், தங்கை கணவர் அமெரிக்காவில் வாங்கிய நியூஜெர்சி உத்தரவைப் பற்றி முதலில் கேட்ட கேள்வியே, 'இந்த அம்மாவுக்கு நோட்டீஸ் போனதா' என்பதுதான்.

அப்புறம் ஆவணங்கள். பள்ளி வருகைப் பதிவு, குழந்தை மருத்துவரின் தடுப்பூசிக் கணக்கு, ரிட்டர்ன் டிக்கெட், 'நான்கு வாரத்தில் வந்துவிடுவேன்' என்று அவர் அனுப்பிய வாட்ஸாப். போகும்போது திரும்பி வருவதாகத்தான் சொல்லிப் போனார் என்பதற்கு ரிட்டர்ன் டிக்கெட்டை விடப் பெரிய சாட்சி கிடையாது.

நீங்கள் நேரில் வர முடியாவிட்டால் உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர் பத்திரம். இந்த ஜனவரி 11 முதல் கனடாவும் அப்போஸ்டில் முறைக்கு, அதாவது ஒரு நாட்டு அரசு வைத்த சான்று முத்திரையை மற்ற நாடு அப்படியே ஏற்கும் முறைக்கு, வந்துவிட்டது, பழைய மாதிரி தூதரகத்தில் வரிசை நிற்க வேண்டியதில்லை. ஆனால் பத்திரம் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தேதியைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. தினமும் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டாலும் செய்யுங்கள். எத்தனை முறை செய்தீர்கள் என்பது பின்னால் எண்ணப்படும்.

5 மார்ச், மதியம்
கடையில் இருக்கிறேன், சுருக்கமாக. 'ஹேக் ஒப்பந்தம் என்னதான் சொல்கிறது' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 16 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை, மற்றவருக்கும் உரிமை இருக்கும்போது, அவர் சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் வழக்கமாக வசித்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பு. யார் நல்ல பெற்றோர் என்று நீ பார்க்காதே, அதை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். விதிவிலக்குகள் உண்டு: ஒரு வருடம் தாண்டிப் புது இடத்தில் ஊன்றிவிட்டால், திரும்பினால் கடும் ஆபத்து என்றால், விவரம் தெரிந்த குழந்தையே மறுத்தால், மற்றவர் முன்பே சம்மதித்திருந்தால்.

ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நடைமுறையில் உலக சராசரி 200 நாளைத் தாண்டுகிறது. நம்ம ஊர் வாய்தாவைத் திட்டுகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளவும்.

தெற்காசியாவில் எந்த நாடும் இதில் இல்லை.

5 மார்ச், இரவு
இலங்கை இருக்கிறது என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். தப்பு என்னுடையது. இலங்கை 2001லேயே சேர்ந்து, அதே ஆண்டு அதற்கென்று தனிச் சட்டமும் போட்டுவிட்டது. பாகிஸ்தானும் 2017ல் வந்துவிட்டது. சிங்கப்பூர் 2011. மலேசியாவும் அமீரகமும் இல்லை.

இதில் ஒரு சூட்சுமம். ஒரு நாடு பின்னால் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு நாடும் 'சரி, உன்னை ஏற்றுக்கொள்கிறேன்' என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கை 2001ல் சேர்ந்தும் அமெரிக்காவோடு நடைமுறைக்கு வந்தது 2008ல்தான். சம்பந்தம் பேசி முடித்தாலும் நிச்சயதார்த்தம் தனி. ஆகவே 'அந்த நாடு ஹேக்கில் இருக்கிறது' என்று நிம்மதியாக உட்காராதீர்கள். 'என் நாட்டோடு இருக்கிறதா' என்று பாருங்கள்.

7 மார்ச்
'கடத்தல்' என்ற சொல்லைப் பற்றி நேற்று இங்கே பெரிய சண்டை. பெற்ற தாய் எப்படிக் கடத்த முடியும் என்று இரண்டு பேர். நானும் 2017ல் இதே கேள்வியைத்தான் கேட்டேன், அதுவும் இன்ஸ்பெக்டரிடம்.

இந்தியக் குற்றவியல் சட்டத்தின்படி 'சட்டப்படியான காப்பாளரிடம் இருந்து' எடுத்துப் போனால்தான் கடத்தல். தாயும் தகப்பனும் காப்பாளர்களே. அதனால் எதிரான நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் இங்கே போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்கும், போட்டாலும் நிற்பது கஷ்டம். அமெரிக்காவில் 1993லிருந்து இதற்கென்றே மத்தியச் சட்டம், மூன்று வருடம் வரை சிறை. கனடாவிலும் பெற்றோரே செய்தாலும் குற்றம்தான். இன்டர்போலின் மஞ்சள் நோட்டீஸ், அதாவது காணாமல் போனவர் அறிவிப்பு, குழந்தை பெயரில் போகும்.

ஒரே காரியம் நியூஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் குற்றம், மீனம்பாக்கத்தில் குடும்ப விவகாரம். என் தங்கை ஏறும்போது ஒன்றாக இருந்தவள் இறங்கும்போது வேறொன்றாக இருந்தாள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, கேள்வி கேட்டவருக்கு. கிரிமினல் புகாரை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். மனைவி மீது வாரண்ட் இருந்தால் அவர் குழந்தையோடு திரும்பவே முடியாது. 'வந்தால் பிடிப்பார்கள் சார்' என்று அவர் வக்கீல் சொல்வார், அது நியாயமாகவும் இருக்கும். எங்கள் மாப்பிள்ளை அந்தத் தப்பைச் செய்யவில்லை. அப்போது அதைக் கோழைத்தனம் என்று பேசிக்கொண்டோம்.

10 மார்ச், ஞாயிறு
கதையைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

2017 ஏப்ரல். சமயபுரம் சித்திரைத் தேருக்கு என்று தங்கை வந்தாள். பாப்பாவுக்கு ஆறு வயது. மே 2 ரிட்டர்ன். ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் என்னிடம் சொன்னாள்: 'அண்ணா, நான் போகல.' அடி உதை இல்லை. ஆனால் கையில் ஒரு டாலர் கிடையாது, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள விடவில்லை, விசா அவர் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா. கறிகாய் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும். எம்.எஸ்சி. படித்த பெண். நான் ஒரு வார்த்தையும் யோசிக்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, அம்மாவின் இரட்டை வடம் சங்கிலி இருக்கிற அதே அறையில் வைத்துப் பூட்டினேன். தாய்மாமன் வேறென்ன செய்வான்?

ஜூனில் பாப்பாவை இங்கே ஒரு பள்ளியில் சேர்த்தோம். ஜூலை 3, திங்கட்கிழமை. எங்கள் வக்கீல் மாலை போன் செய்தார். உச்ச நீதிமன்றம் டெல்லி வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, வெளிநாட்டு உத்தரவு இருந்தாலும் குழந்தையின் நலன்தான் முதலில், அந்த உத்தரவு பல விஷயங்களில் ஒன்று மட்டுமே, தாயிடம் இருக்கும் பெண் குழந்தையைப் பெரிய காரணம் இல்லாமல் பிரிக்க முடியாது, 'நமக்கு ஜாக்பாட் சார்' என்றார். அம்மா சேமியா பாயசம் வைத்தாள். பாப்பா கேட்டாள், யாருக்கு பர்த்டே என்று. யாரும் பதில் சொல்லவில்லை.

அவளுடைய அப்பா அன்றைக்கு மூன்று முறை போன் செய்திருந்தார். எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று சொன்னது நான்.

10 மார்ச், இரவு
அந்தத் தீர்ப்பைப் பற்றிச் சரியாகச் சொல்ல வேண்டும், வக்கீல் சொன்னதைச் சொல்லி நிறுத்திவிட்டேன்.

அதற்கு முன்னால் 2015ல் ஒரு கோவை வழக்கு. இங்கிலாந்தில் இருந்து இரண்டு மகள்களோடு தாய் வந்து கோவையில் விவாகரத்து வழக்குப் போட்டிருந்தார். தகப்பன் லண்டனில் உத்தரவு வாங்கினார். சென்னை உயர் நீதிமன்றம் தகப்பன் மனுவைத் தள்ளியது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முதலில் உத்தரவு போட்ட நீதிமன்றத்தை மதிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்துக்குக் கூட்டிப் போகச் சொன்னது, செலவு தகப்பன் தலையில். 2017 தீர்ப்பு இந்த 'முதலில் யார் உத்தரவு போட்டார்கள்' என்ற கணக்கைத்தான் உடைத்தது. டெல்லிக் குழந்தைக்கு இதயக் கோளாறும் இருந்தது.

எங்கள் வக்கீல் சொல்லாமல் விட்டது: 2017 தீர்ப்பு 'தாயிடம் இருந்தால் தொட முடியாது' என்று சொல்லவில்லை. நீதிமன்றம் இரண்டு வழியிலும் போகலாம் என்றது. சுருக்கமாக விசாரித்து உடனே திருப்பி அனுப்பலாம், விரிவாக விசாரித்து இங்கேயே வைத்துக்கொள்ளலாம். அதே தத்துவத்தை வைத்துக்கொண்டே 2019ல் பென்சில்வேனியாக் குழந்தைகளைத் திருப்பி அனுப்பினார்கள், 2020ல் வர்ஜீனியாக் குழந்தையை. 2018ல் இன்னொரு குழந்தையை அனுப்பவில்லை. ஆகவே தீர்ப்பின் பெயரைச் சொல்லி உத்தரவாதம் தருகிற வக்கீல் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஃபீஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் யோசியுங்கள்.

14 மார்ச்
டொராண்டோக்காரர் வக்கீல் பிடித்துவிட்டாராம். நல்லது. ஒளித்து வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஆகஸ்டில் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் பைக்கை நிறுத்திவிட்டு நேரே கடைக்கே வந்துவிட்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அவரும் அதில் ஒரு எதிர்மனுதாரர், பாவம். மூன்று பேர் மருந்து வாங்க நின்றிருந்தார்கள். ஒருவர் டோலோ கேட்டதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்.

குழந்தையைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வையுங்கள் என்று அப்போது ஒரு 'அனுபவஸ்தர்' சொன்னார். காரைக்குடியில் சித்தி வீட்டில் வைத்தோம். பதினோரு நாள். பள்ளி இல்லை, சித்தி வீட்டில் நாய் இருந்தது, அதனால் பாப்பாவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டோம். பன்னிரண்டாம் நாள் வக்கீல் கூப்பிட்டு ஒரு பழைய தீர்ப்பைப் படித்துக் காட்டினார். அமெரிக்காவில் இருந்து 2007ல் தாயோடு வந்த பையன். தகப்பன் உச்ச நீதிமன்றம் போனார். போலீஸ் ஊர் ஊராகத் தேடியும் கிடைக்கவில்லை. 2009ல் நீதிமன்றம் சி.பி.ஐ.யை இறக்கியது, இரண்டே மாதத்தில் சென்னையில் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடம் இந்தியாவில் இருந்துவிட்டான், ஊன்றிவிட்டான் என்று தாய் தரப்பு சொன்னது எடுபடவில்லை. இடம் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த குழந்தை எங்கே ஊன்றும் என்றது நீதிமன்றம். அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்கு மாலையே காரைக்குடி போய்க் கூட்டி வந்தேன்.

ஒளித்து வைத்த நாள் ஒளித்தவர் கணக்கில் ஏறாது. உங்கள் மனைவி வீட்டார் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

15 மார்ச்
சிங்கப்பூர் உத்தரவை சிவில் நடைமுறைச் சட்டம் 44அ பிரிவில் இங்கே நேரடியாக நிறைவேற்றலாமே என்று ஒருவர். முடியாது. எந்தெந்த நாட்டுத் தீர்ப்புகளை இங்கே அப்படி நிறைவேற்றலாம் என்ற பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது, ஆனால் அந்தப் பிரிவு பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புகளுக்கு. குழந்தையை அப்படி ஜப்தி செய்ய முடியாது.

22 மார்ச்
'தங்கையை நட்டாற்றில் விட்டுவிட்டு மாப்பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறார்' என்று எழுதியிருக்கிறார் ஒரு அம்மா. கோபம் புரிகிறது. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்தியா ஏன் சேரவில்லை? சட்ட ஆணையம் 2009ல் சேரச் சொன்னது, 2016லும் மசோதா ஒன்றை எழுதிக் கொடுத்தது. மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகமும் 2016ல் ஒரு வரைவு வெளியிட்டது. எதிர்ப்பு பலமாக வந்தது, நியாயமான எதிர்ப்பு. அடி தாங்காமல் குழந்தையோடு ஓடி வருகிற பெண்ணை அதே வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவதா என்று. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 2018ல் அறிக்கை வந்தது, இப்படிப்பட்ட தகராறுகளை முடிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்றது. இன்றுவரை ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை.

ஒப்பந்தத்தை எழுதிய காலத்தில் அவர்கள் மனதில் இருந்தது வேறு ஆள். கஸ்டடி கிடைக்காத கோபத்தில் வார இறுதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிற தகப்பன். இப்போதைய கணக்கில் எடுத்துப் போகிறவர்களில் முக்கால்வாசி தாய்மார். அவர்களில் எத்தனை பேர் என் தங்கை மாதிரி, எத்தனை பேர் உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் என்பதை ஒரு நீதிபதி ஆறு வாரத்தில் எப்படிப் பிரிப்பார்? 'கடும் ஆபத்து' என்ற விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற பாரம் ஓடி வந்தவர் தலையில், சாட்சிகள் எல்லாம் ஓடி வந்த ஊரில்.

ஆனால் அந்த அம்மா ஒன்றை மறக்கிறார். இங்கே கொண்டுவருகிறவர் எப்போதும் தாய் இல்லை. 1984 வழக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் கணவன் மனைவியை ஆள் வைத்துக் கொல்ல ஏற்பாடு செய்து தண்டனைக்கு ஆளானவர். மனைவியே கெஞ்சிக் கேட்டதால் சிறைக்குப் போகாமல் நன்னடத்தை மேற்பார்வையில் வெளியே விட்டார்கள். வெளியே வந்தவர் மகனைத் தூக்கிக்கொண்டு பஞ்சாப் வந்துவிட்டார். அந்தத் தாய் இங்கே வந்து உச்ச நீதிமன்றம் வரை போராடி வாங்கிப் போனார். குடும்பம் எங்கே வாழ்ந்ததோ அந்த நாட்டு நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும், விமானம் எங்கே இறங்கியது என்பதை வைத்து அதிகாரம் மாறாது என்ற வழிமுறை அந்தத் தாயின் வழக்கில் பிறந்ததுதான். இதே போல 2022ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்து ஒரு தாய். தகப்பன் பிள்ளைகளைச் சென்னையில் வைத்துக்கொண்டார், அந்தத் தாய் நேராக உச்ச நீதிமன்றம் போனார், திருப்பி அனுப்ப உத்தரவானது.

எந்தக் கதவைத் தங்கைக்காகச் சாத்தினேனோ அதே கதவை இன்னொருவர் தங்கை வெளியே நின்று தட்டிக்கொண்டிருப்பார். இதை நான் 2017ல் யோசிக்கவில்லை.

23 மார்ச்
நேற்றுக் கொஞ்சம் பிரசங்கம் ஆகிவிட்டது. விடுங்கள்.

2 ஏப்ரல்
நீதிமன்றம் தாயையும் சேர்த்துத் திருப்பி அனுப்புமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மேலே நான் 'திருப்பி அனுப்பினார்கள்' என்று எழுதியது குழப்பிவிட்டது. 2022ல் இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தையை அனுப்பச் சொல்லலாம், தாயை 'நீ போ' என்று கட்டாயப்படுத்த முடியாது, அவருடைய தனியுரிமை. போக விரும்பினால் தகப்பன் செலவுகளை ஏற்க வேண்டும். போகாவிட்டால் குழந்தை தனியாக, தகப்பனோடு. காகிதத்தில் விருப்பம், நிஜத்தில் எந்தத் தாய்க்கு அது விருப்பம்?

எங்கள் வழக்கில் சிக்கியது இங்கேதான். தங்கை போகத் தயாரானாலும் விசா மாப்பிள்ளையின் வேலையைத் தொங்கிக்கொண்டு இருந்தது. அவர் நினைத்தால் விமானம் இறங்கிய மறுநாளே கையெழுத்தை வாபஸ் வாங்கலாம். மதுரை சமரச மையத்தில் நாலு அமர்வு. கடைசியில் எழுதியது: விசாவில் கை வைப்பதில்லை, அவள் படிப்பில் சேர்ந்து சொந்த விசாவுக்கு மாறும் வரை விவாகரத்து வழக்கு நகராது. ஆறு மாத வாடகையோடு தனி வீடு. கிரிமினல் புகார் இல்லை. இதே வாசகங்களை நியூஜெர்சி நீதிமன்றத்திலும் இருவர் சம்மதத்தோடு உத்தரவாக வாங்கிய பிறகுதான் டிக்கெட். இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். மதுரையில் கொடுத்த வாக்குறுதியை நியூஜெர்சி போலீஸ் மதிக்கும் கட்டாயம் இல்லை, அவர்கள் உத்தரவாகவே இருந்தால் மதிப்பார்கள்.

கேள்வி கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பிரமாணப் பத்திரத்தில் மனைவியைத் திட்டுவதற்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை, அவர் திரும்பி வந்தால் எங்கே தங்குவார், என்ன சாப்பிடுவார், விசா என்ன என்று எழுதுவதற்கு ஒதுக்குங்கள். நீதிபதிகள் அந்தப் பாதியைத்தான் இரண்டு முறை படிக்கிறார்கள்.

3 ஏப்ரல்
பாப்பாவை நீதிபதிகள் அறைக்குள் அழைத்துப் பேசியது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருபது நிமிடம். நாங்கள் வெளியே பெஞ்சில், எதிர்ப் பெஞ்சில் மாப்பிள்ளை. ஏழு மாதம் கழித்து அவரைப் பார்க்கிறேன், இளைத்திருந்தார். 'ஐயா'வை விரும்புகிறேன், 'அம்மாச்சி'யை விரும்புகிறேன் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தோம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் உள்ளே போய்ச் சொன்னது, கராஜில் தன் சைக்கிள் இருக்கிறது, அதில் காற்று இறங்கியிருக்கும் என்று. ஒரு நீதிபதி எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மாப்பிள்ளை குனிந்துகொண்டார். நானும்தான்.

19 மே
குழந்தையைக் கொண்டுபோவதைத் தடுப்பது எப்படி என்று இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து ஒருவர். பயணத்துக்கு முன்னாலேயே சந்தேகம் என்றால் அங்கே நீதிமன்றத் தடை வாங்கலாம், இன்றோ நாளையோ கிளம்பப் போகிறார்கள் என்ற நிலை என்றால் உள்ளூர் போலீஸ் விமான நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். இங்கிலாந்தில் மற்றவர் சம்மதம் இல்லாமல் கூட்டிப் போவது 1984லிருந்தே குற்றம். அமெரிக்காவில் பிறந்த குழந்தை என்றால் பாஸ்போர்ட்டுக்கு யாராவது விண்ணப்பித்தால் உங்களுக்குத் தகவல் வரும் ஏற்பாடு உண்டு, பதிந்து வையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் சம்மதித்தால் 'இணைப்பு டி' என்ற படிவம், ஒருவர் கையெழுத்து இல்லை என்றால் இணைப்பு சி. அந்த 'சி' வழி இருக்கிற வரை இந்திய பாஸ்போர்ட் முடியாது என்று நம்பி இருக்காதீர்கள்.

ஆனால் சந்தேகம் இருக்கிற எல்லா வீட்டிலும் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தால்? பூட்டி வைத்த வீட்டில் இருந்துதான் என் தங்கை ஓடி வந்தாள். அவளுடைய பாஸ்போர்ட் அங்கே அவர் மேஜை டிராயரில் பூட்டியிருந்தது. தேருக்கென்று சொல்லித்தான் வெளியே வந்தது. அப்புறம் என் பீரோவில் பூட்டு. யோசித்துப் பார்த்தால் அந்த நீல அட்டை அவள் கையில் இருந்ததே குறைவு.

30 ஜூன்
டொராண்டோக்காரர் மனு விசாரணைக்கு வந்துவிட்டது. பையனை நீதிமன்றத்துக்குக் கூட்டி வந்தார்களாம். இறுதி விசாரணைக்கு இன்னும் நாளாகும் போல. இடைக்கால ஏற்பாடாக வீடியோ கால். தினமும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மேலே சொன்ன 2020 வர்ஜீனியாக் குழந்தையின் தீர்ப்பில், கஸ்டடி இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது குழந்தையோடு பேச உரிமை உண்டு என்று இருக்கிறது. அதைக் காட்டி வாங்கிவிட்டார். மாலை ஆறரைக்கு, இந்திய நேரம்.

பையனின் விசாவையும் பாருங்கள். கனடா பாஸ்போர்ட்டில் வந்த குழந்தைக்கு ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை, இல்லாமல் விசா காலம் முடிந்திருந்தால், திருப்பி அனுப்ப உத்தரவு வந்தாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது. எங்களுக்கு டிக்கெட் போட்ட பிறகுதான் இது தெரிந்தது. ஒன்பது நாள் தள்ளிப்போனது.

18 ஆகஸ்ட்
பாப்பாவுக்கு இப்போது பதின்மூன்று. தங்கையும் மாப்பிள்ளையும் இருபது நிமிட தூரத்தில் தனித்தனி வீடு, வாரம் மாற்றி வாரம். போன மாதம் லீவுக்கு வந்திருந்தாள், இருவரும் கையெழுத்துப் போட்ட பயணக் கடிதத்தோடு. பீரோவில் எதையோ எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: 'மாமா, அப்போ அப்பா போன் பண்ணாரா?'

பண்ணினார் என்றேன். எத்தனை தடவை என்று கேட்டாள். மனுவோடு இணைத்த போன் பட்டியல் அந்த பீரோவிலேயே இருக்கிறது, 212 அழைப்பு. எடுத்துக் கொடுத்துவிட்டேன். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள்.

5 நவம்பர்
டொராண்டோக்காரர் பதறிப்போய் எழுதியிருக்கிறார். இரண்டு நாளாகப் பையன் வீடியோவில் வரவில்லை, உத்தரவை மீறுகிறார்கள், அவமதிப்பு மனு போடலாமா என்று.

போடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஞாயிறு, 3ஆம் தேதி, உங்கள் ஊரில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இங்கே ஆறரை என்பது இதுவரை உங்களுக்குக் காலை ஒன்பது, இனி எட்டு. நீங்கள் பழக்கத்தில் ஒன்பதுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள், அப்போது இங்கே ஏழரை, பையன் டியூஷன் போயிருப்பான். நியூஜெர்சியிலும் இதே கூத்து. 2017 நவம்பரில் மாப்பிள்ளையும் இப்படித்தான் ஒரு வாரம் தவறவிட்டார். பாப்பா ஆறரைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்களில் ஒருவருக்கும் அவருக்கு ஒரு மெசேஜ் போடத் தோன்றவில்லை.

நாளை எட்டு மணிக்கு.